பூஜையில் வைத்த சாவி

பத்து வயதில் நான் ஒரு பங்களாவைக் காப்பாற்றினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில், கல்லூரி விடுதியில், கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் என்று கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். போன வருஷம்தான் வாயை மூடிக்கொண்டேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது அந்தப் பங்களா. எந்தக் காலத்திலோ ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை சாரலுக்காகக் கட்டியது. நடுவில் பெரிய ஹால், தரை முழுக்கத் தேக்குப் பலகை. துரைமாரும் துரைசானிகளும் ஜோடி சேர்ந்து ஆடுவதற்காகப் போட்டதாம். அவர்கள் கப்பலேறிய பிறகு ஒரு வக்கீல் அதை வாங்கினார். அவர் தயவில் என் பெரியம்மா அங்கே பரதநாட்டிய வகுப்பு நடத்தினாள். ஊரில் நாடகமோ கச்சேரியோ வில்லுப்பாட்டோ எது நடந்தாலும் அந்த ஹாலில்தான் நடக்கும். சிமெண்டுத் தரையில் ஒரு மணி நேரம் அடவு போட்டால் குதிகால் இரண்டு நாளைக்கு விண்விண்ணென்று தெறிக்கும். அந்தப் பலகையில் சாயந்திரம் முழுக்கத் தட்டினாலும் ஒன்றும் செய்யாது.

வக்கீல் காலமானதும் பெங்களூரில் இருந்த அவருடைய மகன்கள் பங்களாவை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் செங்கோட்டையில் மரக்கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் செங்கோட்டைக்காரர். பங்களாவை லாட்ஜ் ஆக்கப்போகிறார், முதல் வேலையாகத் தேக்குப் பலகையைப் பெயர்த்துவிடுவார் என்று ஊரே பேசியது. பெரியம்மா வேறு இடம் தேடி அலைந்தாள். ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியும், எலி ஓடுகிற ஒரு நெல் குடோனும்தான் கிடைத்தன. ஹால் போனால் வகுப்பும் போனதுதான் என்று அவள் என் அம்மாவிடம் சொல்லி அழுததைக் கேட்டு எனக்கும் அழுகை வந்தது. அதுவரை பெரியம்மா அழுது நான் பார்த்ததில்லை.

செங்கோட்டைக்காரர் விஜயதசமியன்று விடிந்ததும் வேலையைத் தொடங்க நாள் குறித்திருந்தார். அதற்கு முந்தின நாள் சரஸ்வதி பூஜை. பூஜையை முன்னறையில் வைத்துக்கொள்ளலாம், ஹாலை மட்டும் பூட்டிச் சாயந்திரம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. பெரியம்மா ஹாலைப் பூட்டி, ஒரு சாண் நீளமிருந்த இரும்புச் சாவியை என் கையில் கொடுத்தாள். "ஏட்டி, பத்திரமா வையி. சாயந்திரம் செங்கோட்டையில இருந்து வருதாரு, குடுக்கணும்" என்றாள்.

பத்திரமான இடம் என்றால் அன்றைக்கு எனக்கு ஒரே இடம்தான். பூஜைக்கு அடுக்குகிற வேலை என்னுடையது. சலங்கைகள், நட்டுவாங்கத் தாளம், தட்டுக்கழி, டேப்ரிக்கார்டர் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் அடுக்கினேன். படிக்கச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் என் கணக்கு நோட்டையும் முதல் ஆளாக வைத்திருந்தேன். கடைசியாகச் சாவியையும் சலங்கைகளுக்கு நடுவே வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஒரு செவ்வந்திப் பூவும் சூட்டினேன். கற்பூரம் காட்டி முடிந்தது.

சாயந்திரம் செங்கோட்டைக்காரர் வந்து நின்றபோது பெரியம்மா என்னிடம் சாவி கேட்டாள். நான் படத்தைக் காட்டினேன்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை செய்யாமல் தொடக்கூடாது. எங்கள் ஊரில் கொத்தனார் கரண்டியைத் தொடமாட்டார், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தொட யோசிப்பார். "கூறுகெட்ட மூதி, ஒரு சாவிய வைக்க ஒனக்கு வேற எடமே இல்லையாட்டி?" என்று அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பெரியம்மா வாசலுக்குப் போய், "அண்ணாச்சி, சாவி பூஜையில இருக்கு. பிள்ளை தெரியாம வச்சிட்டா" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பூச்சூடிய சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைப் பையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாரமில்ல டீச்சரே, இருக்கட்டும். எங்க வீட்டுலயும் பிள்ளைக புஸ்தகத்த வச்சிருக்கு. நாளைக்கு எடுத்துத் தாங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் காலை நாலு ஆசாரிமாரோடும் கடப்பாரைகளோடும் வந்தார். அதற்குள் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் வந்துவிட்டிருந்தோம். அன்றைக்குப் புதிதாகச் சேர்க்க அழைத்துவந்த சிறுசுகள் வேறு. பெரியம்மா மறுபூஜையை முடித்து, குங்குமம் அப்பிய சாவியை எடுத்து ஹாலைத் திறந்தாள். "பூஜையில வச்சத இன்னைக்குப் பழகிறணும் அண்ணாச்சி. ஒரு அரைமணி நேரம்" என்றாள். அவர் தலையாட்டினார்.

நாங்கள் வரிசையில் நின்று தட்டடவு போட்டோம். முப்பது ஜோடிக் கால்கள் ஒரே நேரத்தில் தட்டியதும் ஹாலே கும்மென்றது. அவர் எங்களில் ஒருத்தியையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துப் பலகையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் குந்தி உட்கார்ந்து இரண்டு மூன்று இடங்களில் விரலால் தட்டிப் பார்த்தார். "ஒரு பலகைகூட உளுத்துப் போகல" என்று ஆசாரியிடம் சொன்னார்.

பெரியம்மா சாவியை அவர் கையில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். முந்தின நாள் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருப்பாள் போலிருக்கிறது.

"சீசன் மூணு மாசம் ஒங்களுக்கு ஆள் வரும். கார்த்திகை, மார்கழியில ஐயப்ப சாமிமார் வருவாங்க. மிச்சம் ஏழு மாசம் குத்தாலத்துல எந்த லாட்ஜ்ல அண்ணாச்சி ஆள் இருக்கு? நீங்க மரம் தெரிஞ்சவரு. இந்த ஈரத்துல ஹாலப் பூட்டிப் போட்டா கரையானுக்குத்தான் கொண்டாட்டம். ஏழு மாசம் நாங்க தொறந்து, பெருக்கி, ஆடிக்கிடுதோம். அஞ்சு மாசம் நீங்க ஆளத் தங்க வையிங்க. தரைய மட்டும் எடுக்காதீங்க."

அவர் ஆசாரிமாரை டீ குடித்து வரச் சொன்னார். அவர்கள் திரும்பி வந்தபோது கழிப்பறைக் கதவை மட்டும் சரிபண்ணச் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை அதே ஏற்பாடுதான். சீசனில் எங்கள் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஆடி, குதிகால் வலிக்கிறது என்று முனகுவார்கள். புரட்டாசி வந்தால் ஹாலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

போன வருஷம் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது செங்கோட்டைக்காரர் லாட்ஜ் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். சாவியைப் பூஜையில் வைத்தவள் நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, வளையத்தில் கோத்த ஒரே அச்சான இரண்டு இரும்புச் சாவிகளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல ஒண்ணு, பத்திரம் பதிஞ்ச அன்னைக்கே வக்கீல் மகன் என் கையில தந்தது. நீ பூஜையில வச்ச அன்னைக்கு என் சட்டைப் பையிலதான் கெடந்தது."

"அப்போ ஏன் திறக்கல?" என்று கேட்டேன்.

"இருபது வருஷம் ஆண்ட எடம். டீச்சர் கையால தந்து வாங்கணும்னு இருந்துச்சு. அவங்க பூஜையைக் காட்டுனாங்க, நான் வீட்டுக்குப் போனேன்."

ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவள் பிள்ளைகளுக்குத் தாளம் தட்டுவதை நிறுத்தாமல், "தெரியும்ட்டி. பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான. என் கண்ணு முன்னாலதான் குடுத்தாங்க" என்றாள்.

அன்று அவர் பையில் சாவி இருந்தது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, சரஸ்வதி என் கணக்கு நோட்டையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.