வால்வில் உறைந்த பால்

2003 புரட்டாசி. சனிக்கிழமை ஆயுத பூஜை, ஞாயிறு விஜயதசமி. திங்கள் காலை ஒன்பதரைக்குக் காஞ்சிபுரத்தில் என் மனைவிக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு நேர்காணல். அடுத்த ஆண்டு அவளுக்கு வயது தாண்டிவிடும். அதுதான் கடைசி வாய்ப்பு. நாட்களை இப்படி வரிசையாக எழுதினால்தான் என் தவறு எங்கே நடந்தது என்று எனக்கே புரிகிறது.

எங்கள் தெருவிலிருந்து திருப்புலிவனம் பஸ் நிறுத்தத்துக்கு ஏரிக்கரை வழியே நான்கு கிலோமீட்டர். கரை முழுக்க வேலிகாத்தான் முள், வாரம் ஒரு பஞ்சர். அந்த ஆடியில் உத்திரமேரூர் சைக்கிள் கடை பாய் ஒரு வெள்ளைத் திரவத்தைக் காட்டினார். டியூபுக்குள் ஊற்றிவிட்டால் முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துவிடும். நாங்கள் அதைப் பால் என்றே சொன்னோம்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க நைனா. காத்து எறக்கறப்பவும் அடிக்கறப்பவும் வால்வு மேல இருக்கணும். கீய இருந்தா பால் வால்வுல பூந்து ஒறைஞ்சிடும். அப்பறம் பேஜார்."

குறித்துக்கொண்டேன். பஞ்சர் நின்றது. தெருவில் மற்ற ஐந்து சைக்கிள்காரர்களையும் நச்சரித்து ஊற்ற வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு ஆறு சைக்கிளையும் கழுவித் தெருமுனையில் வரிசையாக நிறுத்துவோம். மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. வரிசை பார்ப்பது என் பொறுப்பு. ரிம்மின் உச்சியில் சந்தனப் பொட்டு வைக்க வால்வு இடைஞ்சலாக இருந்ததால், பன்னிரண்டு சக்கரங்களையும் சுற்றி வால்வைக் கீழே கொண்டுவந்தேன். சில டயர் கல்லாக இருந்தது, சில தொளதொளவென்று. அப்படியே குனிந்து ஒவ்வொரு வால்வாகத் தளர்த்தி, காற்றை இறக்கியும் அடித்தும் சமமாக்கினேன். விரலில் வெள்ளையாக ஒட்டியதைத் துணியில் துடைத்துக்கொண்டேன். பாய் சொன்னது நினைவுக்கே வரவில்லை.

மறுபூஜை முடிய ஞாயிறு இருட்டிவிட்டது. திங்கள் காலை, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க, மனைவி சான்றிதழ் பையோடு வந்து நின்றாள். பின்சக்கரம் தரையோடு படிந்திருந்தது. பம்பைப் பொருத்தி அடித்தேன். கைப்பிடி பாதியிலேயே நின்றது. வால்வைக் கழற்றினால் துளை முழுக்க ரப்பராக உறைந்திருந்தது. பால் ஒட்டி வால்வு சரியாக மூடாததால் காற்று மெல்லக் கசிந்து போயிருக்கிறது, மிச்சப் பால் உறைந்ததும் உள்ளே போகத்தான் வழியில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சைக்கிள் கேட்டேன். அவர் டயரை அமுக்கிப் பார்த்தார். "இதுவும் படுத்துக்கினு கீது."

ஆறும் அப்படித்தான்.

"ஒன் பேச்ச கேட்டு பால் ஊத்தனோம். இப்ப தயிராயிடுச்சி. மத்து எட்னு வா, கடையலாம்" என்றார் அவர். தெருவே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. குண்டூசியால் துளையைக் குத்தினேன். ஊசி வளைந்தது.

"எம்மா நேரம் ஆவும்?"

"அஞ்சு நிமிஷம்."

"இதோட மூணு அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். பின்னாலேயே ஓடினேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் பார்த்தபோது வயலுக்கு அப்பால் பஸ் போய்க்கொண்டிருந்தது. கையை ஆட்டினேன், கத்தினேன். அவ்வளவு தூரத்துக்கு என்ன கேட்கும்? அடுத்த பஸ் எட்டே முக்காலுக்கு. அதுவரை இருவரும் நிறுத்தத்தில் நின்றோம். பஸ் வந்ததும் அவள் மட்டும் ஏறிப்போனாள்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள்.

"ரெண்டு தடவ பேரு கூப்ட்டாங்களாம். நான் போறதுக்குள்ள பட்டியல மூடிட்டாங்க."

"கலெக்டருக்கு மனு எழுதறேன்" என்றேன்.

அவள் புடவையைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இன்னான்னு எழுதுவ? எழுது, பாப்போம்."

தாளை எடுத்தேன். மேலே தேதி போட்டேன். பெறுநர், ஐயா, பொருள் என்று வரிசையாக எழுதினேன். பொருள் என்பதற்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை.