ஜீப்புக்கும் ஒரு கண் வைத்தியம்

போடிமெட்டுக்குப் போகிற மலைப்பாதையில் பதினேழு கொண்டையூசி வளைவுகள். பதினெட்டு வருஷமாக அவற்றை ஒரே ஜீப்பில் ஏறி இறங்குகிறான் சுருளிவேல். வளைவுக்கு ஒரு கதை வைத்திருப்பான். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடியற்காலைக் குளிரில் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்காமல், சிரித்துக்கொண்டே மலை ஏறுவது அவன் வாயால்தான். "சுருளி வண்டியில ஏறுனா வாந்தி வராது, விக்கல்தேன் வரும்" என்பார்கள்.

அந்த வாய் அடைத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி. மருந்து வாடை மூக்கில் ஏறினால் போதும், சுருளிவேலுக்குக் கழுத்து வேர்த்துவிடும். அதனால் மதுரையில் கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அன்று அவன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"நல்லா இருக்குற கண்ண எதுக்கு சார் மூடணும்? மருந்து கெட்ட கண்ணுக்குல்ல போடணும்?"

அவன் மகள், நாலரை வயது ரோஜாவுக்கு வலது கண் மங்கல் என்பது, அவள் எல்.கே.ஜி. படிக்கும் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தபோதுதான் தெரிந்தது. இடது கண்ணே எல்லா வேலையையும் செய்துவிடுவதால் வலது கண் சும்மா இருந்து பழகிவிட்டது என்றார் டாக்டர். கண்ணாடி போட வேண்டும். தினமும் மூன்று மணி நேரம் நல்ல கண்மேல் ஒட்டுப் போட்டு மூட வேண்டும். அப்போதுதான் மங்கல் கண் வேலை செய்யப் பழகும். வயது ஏற ஏற அது பழகாது. இப்போது விட்டால் அந்தக் கண்ணில் பார்வை அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' சுருளிவேலின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

கண்ணாடியை ரோஜா சொன்னபடி போட்டுக்கொண்டாள். ஒட்டு என்பது தோல் நிறத்தில், முட்டை வடிவத்தில் இருக்கும் ஒரு பிளாஸ்திரி. அதை ஒட்டுவதற்குள் வீடு போர்க்களமாகிவிடும். மனைவி அமுதவள்ளி கையைப் பிடிப்பாள், சுருளிவேல் தலையைப் பிடிப்பான். ரோஜா அலறுவாள். ஒட்டி முடித்து இருவரும் மூச்சு விடுவதற்குள் பிய்த்து எறிந்திருப்பாள். மிட்டாய், அதட்டல், கெஞ்சல் எல்லாம் ஆயிற்று. ஆறாம் நாள் ஒட்டுப் பாக்கெட்டையே காணோம். தேடித் தேடி, கடைசியில் அரிசி டிரம்முக்குள் கை முழங்கை வரை போனபோது கிடைத்தது.

"இது யாரு புத்தி? ஒங்க புத்தி" என்றாள் அமுதவள்ளி. அவள் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். வெடித்த காயையும் நிறம் வெளுத்த காயையும் விரல் போகிற வேகத்திலேயே ஒதுக்கிவிடும் கண் அவளுக்கு. தன் பிள்ளைக்குக் கண்ணிலா இப்படி என்று அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது சுருளிவேலுக்குத் தெரியும். தெரியாத மாதிரி அரிசியைத் தட்டினான்.

அப்போதுதான் மதுரையில் ஒட்டுப் பாக்கெட்டைக் கொடுத்த நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. 'வீட்டுல டாக்டர் விளையாட்டு விளையாட விடுங்க. பாப்பாதான் டாக்டர். நீங்க நோயாளி. அவ சொல்றபடி கேளுங்க. திருத்தாதீங்க.' கேலி பண்ணுகிறார்கள் என்று அன்று நினைத்திருந்தான்.

மறுநாள் சாயங்காலம் வேலையைத் தொடங்கினான். ஜீப்பின் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற பழைய ரப்பர் குழாயை வெட்டி, நுனியில் சோடா மூடியைச் சொருகி ஸ்டெதாஸ்கோப் ஆக்கினான். அவனுடைய வெள்ளைச் சட்டை முழங்கால் வரை தொங்க, டாக்டர் ரோஜா கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். பொட்டிக்கடை காலண்டரின் பின்பக்கம் மருந்துச் சீட்டானது.

அமுதவள்ளிக்கு இது பிடிக்கவில்லை. "வெளக்கு வைக்கிற நேரத்துல ஆஸ்பத்திரி வெளாட்டாங்க? நோய வா வான்னு கூப்புடுற மாதிரி. கல்யாண வெளாட்டு, கட வெளாட்டுன்னு வெளாடக் கூடாதா?"

"வந்த நோயத்தேன் போகச் சொல்றோம், நீ பேசாம இரு. நெக்ஸ்டு யாரு டாக்டரு? நாந்தேன்."

"டோக்கன் எங்க?" என்றது டாக்டர்.

டோக்கனுக்காகச் சுருளிவேல் வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். டாக்டர் குழாயை அவன் வயிற்றில் வைத்து, கண்ணில் டார்ச் அடித்து, தலையை ஆட்டியது. பிறகு நல்ல ஒட்டு ஒன்றையே பிரித்து அவன் இடது கண்மேல் ஒட்டியது. மீசைக்காரனுக்குச் சின்னப் பிள்ளை ஒட்டு புருவத்தோடு நின்றுவிட்டது.

இதுதான் சமயம் என்று சுருளிவேலுக்குத் தோன்றியது. "அட, வலிக்கவே இல்லையே! எவ்வளவு சொகமா இருக்கு! நான் சமத்துப் பிள்ள, கழட்டவே மாட்டேன்" என்றான்.

டாக்டர் அவனை உற்றுப் பார்த்தது. "பொய் சொல்ற."

"இல்ல டாக்டரு, நெசமா..."

"பொய்யி. அழு."

"என்னாது?"

"அழுப்பா. ஒட்டு போட்டா அழணும்."

திருத்தாதீங்க என்று நர்ஸ் சொன்னதை எண்ணிக்கொண்டான். அழுதான். பதினேழு வளைவுக்கும் கேட்கிற தொண்டை அது. "யாத்தே, என்னய வுட்ருங்க, எனக்கு வேணாம்" என்று கட்டிலில் விழுந்து காலை உதைத்தான். எதிர்வீட்டு அய்யம்மாள் கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"என்ன அமுதா, ஒம் புருசன அடிச்சிட்டியா?"

"நான் எதுக்கு அடிக்கிறேன்? அந்தா டாக்டரு பாக்குறாக" என்றாள் அமுதவள்ளி. சிரிப்பை அடக்க முடியாமல் அவளும் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

ரோஜா மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலை விட்டு இறங்கி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தது. அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டது.

"மங்கலாத் தெரியுதா?" என்று கேட்டது, மெல்ல.

சுருளிவேலுக்கு வலது கண் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் "ஆமா டாக்டரு" என்றான்.

"படி தெரியாது. விழுந்துருவோம்னு இருக்கும். அம்மா மூஞ்சி கரைஞ்ச மாதிரி இருக்கும். பயப்படாத, என்ன? என் கையப் பிடிச்சுக்க."

சுருளிவேல் உதைத்த காலை மடக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். அய்யம்மாளும் கரண்டியைத் தாழ்த்திக்கொண்டாள். ஒரு வாரமாக அவனும் அமுதவள்ளியும் பிடிவாதம், கொழுப்பு, செல்லம் கொடுத்த வினை என்றெல்லாம் திட்டியிருந்தார்கள். தெரிகிற கண்ணை மூடிவிட்டு, தெரியாத கண்ணோடு நாலரை வயதுப் பிள்ளையை 'போ, வெளாடு' என்று விரட்டினால் அதற்கு எப்படி இருக்கும் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து வலுக்கட்டாயம் நின்றது. ஆஸ்பத்திரி மட்டும் தினமும் நடந்தது. அய்யம்மாளுக்கு முட்டியில் ஒட்டு, பொம்மைக்கு ஒட்டு, மஸ்கட்டிலிருந்து போன் பேசிய அத்தை சந்திரவல்லிக்குப் போன் கேமராமேல் ஒட்டு. "ஏய் சுருளி, ஒங்க ஊருல கரண்டு போயிருச்சா? ஒண்ணும் தெரியல" என்று அவள் பதறினாள். ஆனால் டாக்டர் தனக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளவில்லை. பத்து நாள் போனது. அந்தக் கண் சும்மாவே இருந்த பத்து நாள். சுருளிவேல் கதை சொல்லிக்கொண்டே வளைவுகளை எண்ணினான், நாட்களையும் எண்ணினான்.

ஒரு மார்கழி விடியலில் அது நடந்தது. பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு முந்தல் தாண்டி மேட்டில் ஏறுகிறான். தெருவிளக்கு முடிந்ததும் பாதை கருத்துவிட்டது. ஜீப்பின் முன்விளக்குகளில் ஒன்று பல நாளாகவே அழுது வடிந்துகொண்டிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டிருந்தான். இன்றைக்கு என்னவென்றால் நல்ல விளக்கையே காணோம். பாதையின் ஒரு ஓரத்தில் மட்டும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய மாதிரி வெளிச்சம்.

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தான். நல்ல விளக்கின் கண்ணாடி முழுக்க, ஒன்றன்மேல் ஒன்றாக, எட்டு ஒட்டு.

முன்சீட்டில் வரும் ஜக்கம்மாளும் இறங்கி வந்தாள். இருபது வருஷமாக ஏலக்காய் எடுக்கிறவள். வாயில் சுருளிவேலுக்கு ஈடு கொடுக்க அவள் ஒருத்திதான்.

"என்னப்பா சுருளி, ஒன் வண்டிக்கு மெட்ராஸ் ஐ வந்துருச்சா?"

"எம்மக வேலக்கா. வீட்டுல டாக்டரா இருக்கு."

"வெவரமில்லாத டாக்டரு. மங்கின லைட்ட வுட்டுட்டு நல்ல லைட்டப் போயி அடைச்சு வச்சிருக்கு பாரு."

சுருளிவேல் ஒட்டைப் பிய்க்கப் போன கையை நிறுத்தினான். மதுரையில் டாக்டரிடம் தான் கேட்ட கேள்வி ஜக்கம்மாள் வாயிலிருந்து வருகிறது.

"இல்லக்கா" என்றான். "அதுக்கு எல்லாம் வெவரமாத்தேன் தெரிஞ்சிருக்கு. நல்லத மூடுனாத்தேன் மங்கலு வேல செய்யும்."

"அது கண்ணுக்கு. லைட்டுக்குமா?"

"ஆத்தாமாருகளே, எனக்கு அழுகை வருது, சும்மா இருங்க" என்றான். அவன் எப்போதும்போல் கதை விடுகிறான் என்று ஜீப்பு முழுக்கச் சிரித்தது. அன்று அவன் நிஜமாகவே மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் ஒட்டைப் பிய்த்தான். வைத்தியம் பிள்ளைக்குப் புரியாமல் இல்லை. தனியாக அதற்குள் போகத்தான் பயம்.

சாயங்காலம் ஜீப்பு வாசலில் வந்து நின்றதும் வெள்ளைச் சட்டை ஓடிவந்தது. "ஜீப்புக்குச் சரியாப்போச்சா?"

பொய் சொல்லக் கூடாது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். "இல்ல டாக்டரு. இருட்டுல மேட்டுல ஏற ஜீப்புக்குப் பயமாப்போச்சு. கழட்டிட்டேன்."

டாக்டருக்குக் கோபம். இடுப்பில் கைவைத்து ஜீப்பைச் சுற்றி நடந்தது. விளக்கைத் தடவிக் கொடுத்தது. ரொம்ப நேரம் யோசித்தது.

"ஓடுறப்ப வேணாம். வீட்டுல நிக்கிறப்ப ஒட்டலாம்."

"தனியா நிக்கணுமே டாக்டரு, ஜீப்பு பாவமில்ல?"

"நான் கூட இருக்கேன்" என்றது ரோஜா. "எனக்கும் ஒட்டு கொண்டா."

அன்று ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை ஜீப்பின் ஒரு விளக்குக்கு ஒட்டு, உள்ளே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த ரோஜாவுக்கு ஒரு ஒட்டு. ஒரு கை ஸ்டீயரிங்கில், மறு கை அப்பாவின் கையில். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஜீப்பு ஸ்டாண்டில் செய்தி பரவி, "உங்க வண்டிக்குக் கண் ஆப்ரேசனாமே மாப்ளே, லென்சு வச்சாச்சா?" என்று இன்னொரு ஜீப் டிரைவர் பால்ராஜ் தினமும் விசாரித்தான். "வைக்கப் போறோம், ஒங் கண்ணத்தேன் கேட்டிருக்கோம்" என்றான் சுருளிவேல்.

ஆஸ்பத்திரி விளையாட்டு ஆகாது என்ற அமுதவள்ளியே பிறகு ஜீப்பில் ஏறி, வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த ஏலக்காயைத் தட்டில் கொட்டினாள். "வெடிச்சத மட்டும் எடு பாப்போம். வெரசா இல்ல, பைய." முதல் நாள் ரோஜா எடுத்ததில் பாதி நல்ல காய். மகள் பார்க்காதபோது அமுதவள்ளி அவற்றை எடுத்துத் திரும்பத் தட்டில் போட்டாள். தை கடைசியில் தப்பு மூன்றுக்கு வந்தது. அவள் அதைக் கணவனிடம் சொல்லவில்லை. கண் படும் என்று பயம்.

மாசியில் மறுபடி மதுரைக்கு ரயிலேறினார்கள். வழியெல்லாம் சுருளிவேலுக்குக் கழுத்து வேர்த்தது. போன தடவை வலது கண்ணால் முதல் வரிப் படத்தைக்கூட ரோஜா சரியாகச் சொல்லவில்லை. இந்தத் தடவை நாலாம் வரி வரை போனாள். ஐந்தாவதில் குடையைக் காளான் என்றாள்.

"காளானும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்" என்று டாக்டர் சிரித்தார். "நல்லா வந்திருக்கு. ஆனா முடியல. இன்னும் ஆறு மாசம் விடாமப் போடணும்."

ஆறு மாசமா என்று முன்பென்றால் அவன் மலைத்துப்போயிருப்பான். இப்போது, "போடுவோம் சார், ரெண்டு பேருக்குப் பாக்கெட்டு குடுங்க" என்றான். டாக்டருக்கு அது விளங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் ரயில் போடிக்கு வந்துவிட்டது. நடைமேடையில் ரோஜா சட்டென்று நின்றாள். யாரும் சொல்லாமலே இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தூரத்தில், ஊரின் முழுப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, எழுத்துக்கு மேல புள்ளி இருக்கு. ரெண்டு."

"ஒண்ணுதான இருக்கும்?" என்றாள் அமுதவள்ளி.

"ரெண்டும்மா. ஒண்ணு நடுவுல, ஒண்ணு கடைசியில."

பதினெட்டு வருஷமாக அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி ஆள் ஏற்றுகிறவன், அதில் எத்தனை புள்ளி என்று பார்த்ததே இல்லை. மூன்று பேருமாகப் பலகைக்குக் கிட்டப் போனார்கள்.