அழுகிய விதைக்கு ஒரு சாட்சி

அழுகிப்போன மல்லாட்டை விதைக்குப் புளித்த கஞ்சியின் வாடை உண்டு. ஆடி மாதத்தில் ஒரு காலை, பெருமுக்கல் பக்கத்து எங்கள் மானாவாரி நிலத்தில் அப்பா விரலால் கிளறி எடுத்த நிலக்கடலைப் பருப்பு, நசுக்கியதும் வழவழவென்று அவர் கையில் ஒட்டிக்கொண்டது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் வீசியெறிந்த வேகத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போது நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த விதையைப் பொறுக்கி வைத்தவர் அஞ்சலை அத்தை. அப்பாவின் தங்கை. புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டதால் மூன்று வருஷமாக எங்கள் வீட்டில்தான் இருந்தார். தோல் கிழிந்ததையும் சுருங்கியதையும் ஒதுக்கி, முழுப் பருப்பாகப் பார்த்துச் சேர்ப்பார். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மேடு முதலில் மேல்மண் இறுகிப் "பொறுக்கு" கட்டி முளையை வெளியே விடாது என்பதெல்லாம் அப்பாவைவிட அவருக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு அதுதான் பிடிக்காது.

விதைப்புக்கு முந்தின நாள் மழை கொட்டித் தீர்த்தது. காலையில் அத்தை ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்திப் பார்த்தார். அது உதிராமல் உருண்டையாக நின்றது.

"இப்ப போட்டா மொளைக்காதுண்ணா, அழுவிடும். ரெண்டு நாளு ஈரம் எறங்கட்டும், அப்பறமா போட்டுக்கலாம்."

அப்பா கேட்கவில்லை. டிராக்டரை விட்டால் பத்து நாளைக்குத் திரும்பக் கிடைக்காது என்று சொல்லி, அன்றைக்கே விதைத்தார். நான் அத்தையின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மறுநாளும் மழை.

நிலம் முழுக்க விதை போனது தெரிந்ததும், அத்தை "வாய வச்சிட்டா", அவள் சொன்ன சொல்தான் பலித்துவிட்டது என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். பங்காளிகள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, நீதானே கூட இருந்தாய், அத்தை என்ன சொன்னாள் என்று கேட்டார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொளைக்காதுன்னு சொன்னாங்க" என்றேன். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னதை விட்டுவிட்டேன்.

மீதியை அப்பா சொல்லியிருக்கலாம். அவரும் கேட்டவர்தானே. அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். கதவோரம் நின்ற அத்தை உள்ளே போய்த் தன் புடவைகளை மடிக்கத் தொடங்கினார். மத்தியானத்துக்குள் அவரைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லக்கூட ஆளில்லை.

அடுத்த ஆடியிலும் மழை பெய்தது. அப்பா மண்ணை அள்ளி அழுத்திப் பார்த்தார், மூன்று நாள் பொறுத்து விதைத்தார். செடிக்குச் செடி கொத்துக் கொத்தாகக் காய். பிடுங்கிய அன்று அத்தையின் பெயரை யாருமே எடுக்கவில்லை, நானும்தான்.

இத்தனை வருஷம் கழித்து, போன பங்குனியில் அவரைத் தேடிப் போனேன். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். பாதம் வெடித்து, கண் சிவந்து, சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அன்றைக்குச் சொன்னதைப் பற்றி நான் ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டார்.

"நீ புள்ள, பயந்துட்ட. எங்கண்ணன் எல்லாம் தெரிஞ்சிக்கினு கம்முனு இருந்தாரே, அதான் இன்னும் ஆறல."

நிலத்தில் இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா சாகும் முன்பே விற்றுவிட்டார் என்றும், மண்ணடித்து மேடாக்கி, மனைக் கல் நட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அத்தை வாருபலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். நான் கிளம்பும்வரை தலை நிமிரவில்லை.