பாதிக் கலியாணத்துக்கு விசா

புத்தூர் மீனாம்பிகை படித்த பெண் என்று சொன்னால் மட்டும் போதாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து, எங்கள் பள்ளிக்கூடத்தில் அதையே படிப்பித்துக்கொண்டிருந்தவள். யாருடைய தோட்டத்தில் மிளகாய் இலை சுருண்டாலும் வேலியைத் தாண்டி உள்ளே போய்ப் பிடுங்கிப் பார்த்துவிடுவாள். கேட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவளிடம் கிடையாது. அதே பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சராக இருந்தவள் நான், அருமைநாயகி. என் வாய் சும்மா இராது என்று அதிபரே சொல்லியிருக்கிறார். அதனால்தான் நடந்ததை நானே சொல்கிறேன். ஊர் சொன்னால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லும்.

எழுபத்தாறாம் ஆண்டில், பயிர் நோய்களைப் பற்றி மேலே படிக்க ஒரு குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம் அவளைக் கூப்பிட்டது. எந்த நாடு என்று சொல்லமாட்டேன். விசா தந்த புண்ணியவான்களுக்கு என்னால் வில்லங்கம் வரக்கூடாது. தகப்பன் கதிரவேலு அண்ணை வெங்காயத் தோட்டக்காரர். வெங்காயத்துக்கு வருத்தம் வந்தால் மருந்தடிக்க வேண்டியதுதானே, அதற்கு ஏன் கப்பலேறிப் போகவேண்டும் என்று கேட்டார். தாய் இரத்தினம்மா அதைக்கூடக் கேட்கவில்லை. கலியாணமாகாத குமர்ப்பிள்ளையைத் தனியே கடல் கடக்க விடமாட்டேன் என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

வீட்டில் சோறு வேகவேண்டுமே, ஆகவே ஒரு சமரசம் வந்தது. வவுனியாவில் நீர்ப்பாசன வேலையில் இருந்த பரமலிங்கத்தின் சாதகம் அவளுடையதோடு பொருந்தியது. இப்போது எழுத்து, படித்து முடித்து வந்தபிறகு தாலி என்று பேசி முடித்தார்கள். எழுத்து என்றால், பதிவுகாரர் வீட்டுக்கு வருவார், இரண்டு பேரும் அவருடைய புத்தகத்தில் கையெழுத்து வைப்பார்கள், பலகாரம் தின்றுவிட்டு மாப்பிள்ளை வந்த வழியே போய்விடுவார். அரசாங்கத்துக்கு அது கலியாணம். எங்களுக்கு அல்ல. தாலி ஏறும்வரை பெண் குமர்தான், மாப்பிள்ளையோடு நின்று கதைக்கவும் கூடாது. மாப்பிள்ளை எப்படி என்று மீனாம்பிகையைக் கேட்டேன். காலைத்தான் பார்த்தேன், நகம் ஒழுங்காக வெட்டியிருக்கிறார் என்றாள்.

விசாவுக்குத் தகப்பனோடு கொழும்பு போகும்போது துணைக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டுமென்று என்னைப் பிடித்து அனுப்பினார்கள். விண்ணப்பத்தில் ‘மணமாகாதவர்’ என்று மீனாம்பிகை எழுதினாள். தாலி கட்டாதவள் வேறு எதை எழுதுவாள்? பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் அது சரியாகவே பட்டது. படித்து முடித்ததும் திரும்பி வருவாய் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று தூதரக அதிகாரி கேட்டிருக்கிறார். அவள் தகப்பனைக் காட்ட, அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மனுசன் விடுவாரா? மடியில் பத்திரமாகக் கொண்டுவந்த கலியாணப் பதிவுத் துண்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். இதற்குமேல் உத்தரவாதம் உண்டோ என்று அவருக்குப் பெருமை.

அதிகாரி துண்டைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், முகம் கறுத்துவிட்டது. மொழிபெயர்க்க இருந்தவர் குருநகர் நீக்கிலாப்பிள்ளை. வேதக்காரர், மாதா கோயிலில் ஒரே நாளில் எழுத்து, தாலி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டவர். எங்கள் பாதிக் கலியாணத்தை இங்கிலீசில் விளக்கப் போய் அந்த மனுசன் வேர்த்துக் களைத்ததுதான் மிச்சம். கடைசியில் அதிகாரி ஒன்றைச் சொன்னார். வெள்ளிக்கிழமை அந்த மாப்பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். இது உண்மையான கலியாணமா, இவள் போவதில் சம்மதமா என்று அவர் வாயால் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் விசா கிடையாது.

மீனாம்பிகை நடுத்தெருவில் நின்று அழுதாள். தகப்பனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்தது, திட்டினேன். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் பாலேஸ்வரி, வெளிநாடு போகிறவள் திரும்பி வரப்போவதில்லை, எழுத்தை வெட்டிவிடுவோம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த மனுசி. மகன் சம்மதமில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், மீனாம்பிகை காலம் முழுக்கப் புத்தூர் வேலிக்குள்தான்.

தந்தி கிடைத்துப் பரமலிங்கம் வவுனியாவிலிருந்து வந்து சேர்ந்தார். தூதரகத்தில் காத்திருக்கப் போட்டிருந்த வாங்கில் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், நடுவில் குடையை ஊன்றிக்கொண்டு கதிரவேலு அண்ணை. பெயர் கூப்பிட்டு இரண்டு பேரையும் உள்ளே எடுத்தார்கள். அண்ணை எழும்பிப் போவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

“தாலி கட்ட முன்னம் கதவைச் சாத்திப்போட்டாங்கள், தங்கச்சி,” என்றார் என்னிடம், தோட்டத்தில் மாடு புகுந்த குரலில்.

உள்ளே அதிகாரி இருக்கிறார், நீக்கிலாப்பிள்ளையும் இருக்கிறார் என்று சொன்னேன். அவர்கள் எங்களுடைய ஆட்களா என்று கேட்டார்.

உள்ளே நடந்ததைப் பிறகு மீனாம்பிகை எனக்குச் சொன்னாள். உம்முடைய மனைவிக்குச் சாப்பாட்டில் எது பிடிக்கும் என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றார் பரமலிங்கம். அவளுடைய சிநேகிதிகள் யார்? தெரியாது. எப்போதாவது அவளோடு கதைத்ததுண்டா? இல்லை. அப்படியானால் என்னதான் தெரியும் என்று கேட்க, மனுசன் நிமிர்ந்து உட்கார்ந்து, உத்திர நட்சத்திரம், கன்னி ராசி, ஏழில் வியாழன், கடல் கடக்கும் பலன் உண்டு என்று ஒப்புவித்தார். திரும்பி வருவாளா? அதைப்பற்றிச் சாத்திரியார் ஒன்றும் சொல்லவில்லை என்றார். இப்படி ஒரு அரிச்சந்திரனை வைத்துக்கொண்டு எப்படி விசா எடுப்பது? மீனாம்பிகைக்கு அந்த இடத்திலேயே உயிர் பாதி போய்விட்டது.

இவள் போவதில் உமக்குச் சம்மதமா என்றார் அதிகாரி. பரமலிங்கம் அவள் பக்கம் திரும்பினார்.

“அம்மா என்னை மாட்டன் எண்டு சொல்லச் சொல்லித்தான் விட்டவ. உங்களுக்குப் போக விருப்பமோ?”

“ஓம். சரியான விருப்பம்.”

“எழுத்துக்கு முதல் உங்கடை விருப்பத்தை ஆரும் கேட்டவையோ?”

“இல்லை.”

“என்னையும் கேக்கேல்லை. நான் இப்ப உங்களைக் கேட்டிட்டன். எனக்குச் சம்மதம், போய்ப் படியுங்கோ. திரும்பி வாறதும் உங்கடை விருப்பம்தான்.”

நீக்கிலாப்பிள்ளை எல்லாவற்றையும் அழகாக இங்கிலீசில் சொன்னார். கடைசி வசனத்தை மட்டும் விழுங்கிவிட்டார். அந்த மனுசன் நூறு வயதுவரை நன்றாக இருக்கவேண்டும். விண்ணப்பத்தைத் திருத்தச் சொல்லிவிட்டு, அதிகாரி விசாவைக் கொடுத்தார்.

பிறகு அவள் போனதும், இரண்டு வருசம் குளிரில் கிடந்து படித்துவிட்டு வந்ததும், தாலி ஏறியதும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது, விசா கிடைத்த மறுநாள் ஊருக்குத் திரும்பிய யாழ்தேவி ரயிலில் நடந்தது.

கதிரவேலு அண்ணை விசா கிடைத்த நிம்மதியில் அனுராதபுரம் வரமுதலே குறட்டை விடத் தொடங்கினார். மீனாம்பிகை எழும்பினாள். அக்கா, ஐயாவைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று எனக்குச் சொல்லிவிட்டு, அதே பெட்டியில் வந்த பரமலிங்கத்துக்கு நேர் முன்னால் போய் இருந்தாள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. காதைத் தீட்டிப் பார்த்தேன், பாழாய்ப்போன ரயில் சத்தம். அவள் இரண்டு கையையும் ஆட்டி எதையோ விளக்கினாள், மிளகாய் இலையாகத்தான் இருக்கும். அவர் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. வவுனியா வந்தது. அவர் இறங்கவேண்டிய இடம். இரண்டு பேரும் அசையவில்லை. ஸ்டேஷன் சத்தத்தில் தகப்பன் விழித்துவிடாமல் நான் யன்னலை மெல்லச் சாத்தினேன்.

யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட, ஆனையிறவு தாண்டும்போதுதான் கதிரவேலு அண்ணை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினார். மகளைப் பார்த்தார். அவளுக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்தார்.

“தம்பி, இன்னும் வவுனியா வரேல்லையோ?”

“வந்து போட்டுது, மாமா,” என்றார் பரமலிங்கம். “நாங்கள் இன்னும் கதைச்சு முடியேல்லை.”