மூன்று வேகன்களும் என் வயிறும்

சின்ன ஸ்டேஷன் வேகன் வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் கைபேசியில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். எதன் டிக்கி பெரியது, எது பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும், எதற்கு எத்தனை நட்சத்திரம் என்று எனக்கே வகுப்பு எடுப்பார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, "பின்சீற்றில ஏறி இருங்கோ, ஒரு சுற்றுப் போட்டு வருவம்" என்பேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். கார் கழுவத் தொடங்கி, இன்று மேற்கு சிட்னியில் பழைய கார் விற்கிற இரண்டு யார்ட் வைத்திருக்கிறேன். பொம்பிளைக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தவர்களின் பிள்ளைகளுக்கும் நான்தான் கார் விற்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஒன்பது வயதிலேயே மூன்று வேகன்களுக்குத் தீர்ப்புச் சொன்னவள் நான்.

அப்போது பென்டில் ஹில் புறநகரில் ஒரு அடுக்குமாடி வாடகை யுனிட்டில் இருந்தோம். வீட்டில் கார் இல்லை. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் காலைச் சமையல் வேலை கிடைத்திருந்தது. ஐந்தரைக்கு அங்கே நிற்கவேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா லைசென்ஸ் எடுத்து ஒரு மாதம்தான். அதுவும் ஓட்டோ கியர் கார் மட்டும் ஓட்டலாம் என்ற லைசென்ஸ்.

அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் சேர்ந்து காரை ஆராய்ந்தார்கள். அரிசி மூட்டை ஏற்ற வேகனாக இருக்கவேண்டும், எங்கள் யுனிட்டின் ஒடுங்கிய பார்க்கிங்குக்குள் அடங்கவும் வேண்டும். ஒரே யார்டில் அப்படி மூன்று நின்றன. என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்றுக்கும் புள்ளி போட்டார்கள். வெள்ளைக்கு எஞ்சின் திறம். நீலத்துக்குப் பின்பக்கம் நீளம், கசெற் ரேடியோவும் உண்டு. இரண்டும் கையால் கியர் போடுகிறவை. மண்ணிற வேகன் மட்டும் ஓட்டோ. அது இழுவை காணாது, பெற்றோல் கூடக் குடிக்கும் என்று கடைசி இடத்தில் விட்டார்கள்.

"கியரைப் பிறகு பழகலாம்தானே" என்றார் அப்பா.

"ஓம், பழகலாம். திங்கட்கிழமைக்குள்ளையோ?" என்று கேட்டார் அம்மா.

இருவரும் மறுபடி கொப்பியைப் புரட்டினார்கள். வெள்ளையா நீலமா என்பதில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் மாமாவின் கண் என்மேல் விழுந்தது. எந்தக் காரில் ஏறினாலும் நான் சத்தி எடுப்பேன், தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். மாமாவின் காரில் அந்த நாற்றம் போகவே இல்லை.

"இவளை ஏத்தி ஓடிப் பாப்பம், அத்தான். இவள் சத்தி எடுக்காத கார்தான் கார்" என்றார் மாமா.

அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. அம்மா மட்டும் ஒன்று கேட்டார். "அப்ப மூண்டிலயும் ஏத்துங்கோ. உங்கட ரெண்டையும் முதல்ல பாருங்கோ, மண்ணிறம் கடைசியா நிக்கட்டும்."

சனிக்கிழமை காலை மடியில் ஒரு வெறும் ஐஸ்கிறீம் டப்பாவோடு வெள்ளை வேகனில் ஏறினேன். அப்பா ஓட்டினார். சிவப்பு விளக்கைக் கண்டால் கிட்டப் போய்த்தான் பிரேக்கை மிதிப்பார். நாங்கள் எல்லோரும் விளக்குக்குத் தலைவணங்குவோம். இரண்டாவது ரவுண்டபவுட்டில் டப்பா தேவைப்பட்டது. நீலத்தை மாமா ஓட்டினார். "பிடிச்சிரு மருமகள்" என்றபடி தெரு முடக்கில் ஒரே வெட்டாகத் திருப்பினார். அடுத்த தெருப் பெற்றோல் ஷெட் வரைக்கும்கூடப் போகவில்லை, வயிற்றில் மிஞ்சியிருந்ததும் டப்பாவுக்குள் போனது. திரும்பி வந்தபோது யார்ட்காரர் தண்ணீர்க் குழாயைக் காட்டினார்.

மண்ணிற வேகனின் திறப்பை அம்மா வாங்கிக்கொண்டார்.

"அக்கா ஓடுறதெண்டா நான் நடந்து வாறன். முந்தி வந்திடுவன்" என்றார் மாமா.

"நட. வயிறாவது குறையும்."

மாமா முறைத்தபடி பின்னால் ஏறினார். அம்மா சீற்றை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடிகளைத் திருத்தினார், எங்களைக் காத்திருக்க வைத்தார். பிறகு கார் புறப்பட்டது எனக்குத் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போனேன். யார்டுக்குத் திரும்பியதும் அப்பா டப்பாவைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெறும் டப்பா.

"ஸ்பிரிங் வேற மாதிரி, அத்தான். பாத்த உடனயே நினைச்சனான்" என்றார் மாமா. அப்பா குனிந்து சில்லுகளை ஆராய்ந்துவிட்டு ஆமோதித்தார். நானும் விடவில்லை, சீற்றின் மணமும் ஒரு காரணம் என்று சொன்னேன். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். "நல்ல ஸ்பிரிங்தான்" என்றார் அம்மாவும். திங்கட்கிழமை ஐந்தரைக்கு அவர் குசினியில் நின்றார். பிறகு அதே குசினிக்குப் பொறுப்பாளராகித்தான் ஓய்வுபெற்றார். மண்ணிற வேகன் பதினொரு வருடம் ஓடியது. நான் கார் பழகியதும் அதில்தான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பா அதைக் கோயிலுக்கு ஓட்டிப் போனபோது நான் மறுபடி சத்தி எடுத்தேன். ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது என்று இரண்டு ஆண்களும் முடிவு செய்து புதிது மாற்றினார்கள். நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அம்மா ஓட்டும்போது மட்டும் அது தேயாமல் இருந்ததன் காரணம், நானே கார் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

இன்னொன்று விளங்க அதைவிட அதிக காலம் எடுத்தது. காரில் போகிற நாட்களில் அம்மா எனக்குக் காலையில் இரண்டு பிஸ்கற்றும் வெறுந்தேத்தண்ணியும்தான் தருவார். வயிறு காய்ந்திருந்தால் சத்தி வராது என்பது அவர் கண்ட வைத்தியம். அந்தச் சனிக்கிழமை மட்டும் இருட்டோடு எழும்பிப் புட்டு அவித்து, பாலும் சீனியும் விட்டு, வாழைப்பழம் பிசைந்து ஒரு கோப்பை நிறையத் தந்தார். முடிந்ததும் இன்னும் ஒரு அகப்பை போட்டார். இன்றைக்கு ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு வாழைப்பழம் இருக்கிறதா என்றுதான் கேட்டேன்.