கேப் ஹார்னுக்கு ஒரு டிக்

மூன்று வாரத்துக்கு முன்னால் திருப்பதியில், ஓர் ஆஸ்பத்திரியில், நெஞ்சு முழுக்க ஒயர்களோடு ட்ரெட்மில்லில் நடந்தேன். எதற்கு? தென் அமெரிக்காவின் தென்முனைக்குக் கப்பலில் போவதற்கு!

சிரிக்காதீர்கள்... நிஜமாகத்தான்.

மெர்ஸியும் நானும் சித்தூரில் ஒரே தெருக்காரர்கள். அவள் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். நான் அரசு ஆபீஸில் ஃபைல் தள்ளியவள். இருவரின் பிள்ளைகளும் வெளியூரில். போன வருஷம் அவள் வீட்டு டி.வி.யில் கேப் ஹார்னைப் பார்த்தோம். கண்டத்தின் கடைசித் துண்டு நிலம். அதற்கப்பால் வெறும் கடல், பனி.

"இங்க போவணும்டி" என்றாள், என்னவோ பக்கத்து ஊர் பலமனேருக்கு பஸ் ஏறுகிற மாதிரி.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில், அவள் சர்ச்சிலிருந்து வந்ததும் டைனிங் டேபிளில் மேப் விரியும். பெரிய கப்பலா, சின்னதா? பெரியது முனையைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுப் போய்விடும். நூறு பேர் போகிற சின்னக் கப்பல் என்றால், அலை இடம் கொடுக்கிற அன்றைக்கு ரப்பர் படகில் கூட்டிப்போய்க் கரையிலேயே இறக்கிவிடுவார்கள்.

"தூர நின்னு பாக்கறதுக்கு டி.வி. போதாதா?" என்றாள் மெர்ஸி. சின்னக் கப்பல் முடிவானது.

தயிர் கிடைக்குமா என்று மெயில் போட்டோம். கிடைக்கும், ஸ்ட்ராபெரி போட்டது என்று பதில் வந்தது. லிஸ்டில் ஊறுகாயைச் சேர்த்தோம்.

படகிலிருந்து இறங்கியதும் செங்குத்தாக மரப்படிகள் ஏற வேண்டுமாம். பயிற்சிக்கு எங்கே போவது? திருமலைக்கு ஏறுகிற அலிபிரி படிகள் இருக்கிறதே! வாரம் ஒருநாள் பஸ் பிடித்துப் போய், கொஞ்சதூரம் ஏறி இறங்குவோம். எனக்குப் புண்ணியம், அவளுக்கு எக்சர்சைஸ்.

அங்கேதான் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் லேசாக ஓர் இறுக்கம் வேறு. நின்று மொபைலை எடுப்பேன், மலையைப் போட்டோ பிடிப்பேன். ஒரே மலை – முப்பது போட்டோ!

அப்புறம் கப்பல்காரர்களின் மெடிக்கல் ஃபாரம் வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குமா? நெஞ்சு வலிக்குமா? ஆம், இல்லை – டிக் போட வேண்டும். திருப்பதி டிராவல் ஏஜென்ட் போனிலேயே வழி சொல்லிவிட்டார். "பரவால்லேதம்மா, எல்லாத்துக்கும் 'நோ' போட்ருங்க."

போட்டேன். ரேஷன் கார்டிலிருந்து வேலைக்கு மனு போட்டதுவரை நாம் பழகியதே அதுதானே? ஃபாரத்தில் நாம் எழுதுவது உண்மையை இல்லை. ஃபாரம் திரும்பி வராமல் இருப்பதற்கான பதிலை.

மெர்ஸி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"இன்னாத்துக்குடி பொய் எழுதிக்கினு இருக்கே? அலிபிரில நீ போட்டோ எடுக்கத்தான் நின்னியா?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல? கப்பல்லருந்து ஆஸ்பத்திரிக்குப் போவ ஒரு நாள் கூட ஆவும். நடுக்கடல்ல உன் கையைப் பிடிச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்குச் சுருக்கென்றது. "உனக்குப் போகவே இஷ்டமில்ல. அதுக்கு என்னைச் சாக்கு வைக்காத" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட பேச்சு! கேப் ஹார்னை முதலில் கேட்டவளே அவள்தான்.

மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே மெர்ஸி, மடியில் டிபன் பாக்ஸ்.

"ஏறு. திருப்பதிக்கு பஸ் புடிக்கணும். டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்தா நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

அவள் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்கவேண்டும் என்ற ஒரே ஆசையில் ஏறினேன்.

நாலாவது நிமிஷத்தில் டாக்டர் ட்ரெட்மில்லை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு அனுப்பவில்லை. மறுநாள் ஆஞ்சியோ. ஒரு ரத்தக்குழாய் ஏறக்குறைய மூடிக்கிடந்தது. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்தபோது மெர்ஸி என் கால்மாட்டில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள்! நான் பார்த்துவிட்டேன் என்றதும் எழுந்து டிரிப்ஸைச் சரிபார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

கப்பல்காரர்களுக்கு அவளே மெயில் எழுதினாள். இந்த சீசன் வேண்டாம், டாக்டர் சரி என்றால் அடுத்த சீசனில் வாருங்கள் என்று பதில் வந்தது. நீ மட்டுமாவது போயேன் என்றேன். முறைத்தாள்.

நேற்று சாயங்காலம் மெதுவாக வாக்கிங் போய்க்கொண்டிருந்தோம். மனசு கேட்கவில்லை. "என்னாலதானே உன் ஆசை கெட்டுது?" என்றேன்.

"முனை எங்கயும் போயிடாதுடி. நீதான் போயிடப் பாத்தே."

நர்ஸைத் தோழியாக வைத்துக்கொண்டால் இப்படித்தான்... ஆறுதலைக்கூட ஊசி மாதிரிதான் போடுவாள்!