ஃபஹாஹீலில் ஒரு ஒன்ஸ்மோர்

மீசையை ஒரே இழுப்பில் வழித்துப் போட்டேன். எனக்கே அது ஆச்சரியம். ஆசை ஆசையாய் வளர்த்த மீசை அது. நாடகக் கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்றைக்கே வளர்க்கத் தொடங்கியது, நான் ஸ்திரீபார்ட் ஆடியவன் என்று ஒருத்தனும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. எழுபதுகளின் நடுவில் குவைத்துக்கு வந்து ஃபஹாஹீலில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபோதும், முரட்டு மீசையும் வரவழைத்த கட்டைக்குரலுமாகத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் ஐம்பதுகளில் நான் மேடையேறினால் ஊரே வாயைப் பிளக்கும். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? இடுப்புவரை சொந்த முடி. ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, கைநிறைய வளையல். நான் கொசுவம் வைத்திருக்கும் அழகைப் பார்ப்பதற்கென்றே பெண்கள் முன்வரிசையில் பாய் விரித்து இடம் பிடிப்பார்கள். மறுநாள் உள்ளூர்த் தையல்காரரிடம் போய், "நேத்து நாடகத்துல அவ போட்டிருந்த ரவிக்கை மாதிரி வேணும்" என்பார்கள். அந்த 'அவ' நான்தான். அதெல்லாம் ஆம்பிளை செய்கிற வேலையா என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என் பெயர் பரவியதென்னவோ அழுகையால். புருஷன் செத்துக்கிடக்கும் காட்சியில் தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி எடுத்தால் கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்தும். உடனே "ஒன்ஸ்மோர்!" என்று கத்துவார்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும், அது தொழில் மரியாதை. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுப்பார். செத்துக்கிடக்கும் ராஜபார்ட் எழுந்து முதுகைச் சொறிந்துகொண்டு மறுபடி சாவார். நான் முதல் வரியிலிருந்து மறுபடி அழுவேன்.

அப்படி மூக்கைச் சிந்திய கூட்டத்தில் இருந்தவள்தான் என் மனைவி. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குப் பட்டுச்சேலை கட்டிவிடுவதே நான்தான். வீட்டில் நான் எதைப் பாடினாலும் ரசிப்பாள். அந்த ஒப்பாரியை மட்டும் முணுமுணுக்கக்கூட விடமாட்டாள்.

"உசிரோட ஆளுக இருக்கிற வீட்டுல எதுக்குங்க அது? மொதல்ல வாயைக் கழுவுங்க" என்பாள்.

நான் குவைத்தில் இருக்க, அவள் மதுரை பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்று ஊரிலிருந்து வந்தவர் சொன்னார். என்னைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறாளாம். என் பாஸ்போர்ட்டோ கஃபீலிடம். கடைக்கும் எங்கள் விசாவுக்கும் சொந்தக்கார அரபி அவர். கெட்டவர் இல்லை. ஆனால் கடையில் பண்டிகைத் துணி மலையாகக் குவிந்திருந்தது. லீவு கேட்கும்போதெல்லாம் அவருடைய பாகிஸ்தானி குமாஸ்தா வந்து "புக்ரா" என்பான். நாளைக்கு என்று அர்த்தம். அந்த நாளைக்கு வரவே இல்லை. 

பக்கத்துக் கடை பாய் கீழக்கரைக்காரர். இளவட்டமாக இருந்தபோது என் நாடகம் பார்த்தவர், ஆனால் அதுவரை யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அவர்தான் என்னை எண்ணெய்க் கம்பெனி எஞ்சினீயர் ஒருவரிடம் அழைத்துப்போனார். அங்கே தமிழ்ச்சங்கத் தலைவர் அவர்.

"பொங்கல் நாடகத்துக்குக் கதாநாயகி இல்லாம முழிச்சிட்டிருக்கோம். எங்க லேடீஸ் யாரும் மேடை ஏற மாட்டேங்கறாங்க. நீங்க நடிங்க. உங்க கஃபீலைச் சீஃப் கெஸ்ட்டாக் கூப்பிடறேன். நாடகம் முடிஞ்சதும் மேடையிலேயே மைக்ல உங்க லீவைக் கேட்கறேன். நாலு பேர் முன்னாடி கேட்டா இல்லேன்னு சொல்லமாட்டார்" என்றார்.

அதற்காகத்தான் மீசை போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட ஹால். எஞ்சினீயரின் மனைவி கொடுத்த சேலையை நான் கட்டி முடித்ததைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா உள்ளே போய்த் தன் சேலையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு வந்தார். அந்த நிலைமையிலும் எனக்குள் ஒரு சின்னக் கர்வம் வந்தது. முதல் வரிசையில் வெள்ளை உடுப்பில், கையில் மணிமாலையோடு கஃபீல் உட்கார்ந்திருந்தார்.

ஒப்பாரிக் காட்சி. புருஷனாகச் செத்துக்கிடந்தவர் ஒரு பேங்க் குமாஸ்தா, தொப்பை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வரியை அவருக்காகத்தான் அழுதேன். இரண்டாவது வரியில் ஆஸ்பத்திரிக் கட்டில் தெரிந்தது. அதில் அவள். வேண்டாம், வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. பாழாய்ப்போன வாய் நிற்கவில்லை. கடைசி வரிவரை அழுது முடித்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "ஒன்ஸ்மோர்!" ஹாலே சேர்ந்துகொண்டது.

படுதா ஓரத்தில் எஞ்சினீயர் 'கொடுங்க, கொடுங்க' என்று கையை ஆட்டினார். என் பாஸ்போர்ட் அந்தக் கையில் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. முதல் வரியிலிருந்து மறுபடி அழுதேன். முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் முதல் வரிசையில் கஃபீலின் நாற்காலி காலி.

எஞ்சினீயர் மைக்கை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். கடைசியில் எனக்கொரு பொன்னாடை போர்த்தினார். அதை அங்கேயே கிழித்துப் போடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் கஃபீலின் ஆபீசுக்குப் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஏதோ கேட்டார், குமாஸ்தா அதை ஹிந்தியில் சொன்னான். நேற்று மேடையில் அழுத பெண் யார் வீட்டுப் பெண்? துக்கத்தில் இருக்கிற ஒருத்தியைக் கூட்டம் மறுபடி மறுபடி அழவைத்ததை உட்கார்ந்து பார்ப்பது பாவம் என்று எழுந்து போய்விட்டாராம். அவள் ஊருக்குப் போகவேண்டுமென்றால் டிக்கெட்டைத் தாமே எடுத்துக்கொடுப்பாராம்.

"அது நான்தான்" என்றேன் எனக்குத் தெரிந்த ஹிந்தியில். குமாஸ்தா சிரித்தான். கஃபீலும் சிரித்துவிட்டு, "மாஃபி" என்று கையை விரித்தார். இல்லவே இல்லை என்று அர்த்தம்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை நாடகப் பாட்டு வரவில்லை. அவள் பெயர்தான் வந்தது. பெண்குரலில் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டேன். கஃபீலின் சிரிப்பு நின்றது. தலைத்துணியின் நுனியால் கண்ணை மறைத்துக்கொண்டு, "கலாஸ், கலாஸ்" என்றார். போதும் என்று கெஞ்சுகிற குரல். மேஜையைத் திறந்து பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தார்.

கடைக்கு ஓடினேன். பாய் வியாபாரத்தை விட்டுவிட்டு என் கடை வாசலில் நின்றிருந்தார். கூட நம் ஆட்களும் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க" என்றார். "எஞ்சினீயர் ஆபீசுக்கு டிரங்க்கால் வந்துச்சு. இன்னைக்குக் காலையில..."

என் கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் பாய் நிறுத்திக்கொண்டார். என்னைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள். நான் அழுவேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். வரவில்லை. அவள் உயிரோடு இருந்தபோதே, கேட்டவர்களுக்கெல்லாம் அதை அழுது கொடுத்துவிட்டேன்.